பாலு மாமாவின் கறுப்பு வெள்ளை போஸ்டர்

புதிதாக ஒரு சொல்லைக் கற்றுக்கொண்ட பதினாறு வயதுப் பெண்ணோடு ஒரே வீட்டில் குப்பை கொட்டுவது லேசான காரியம் இல்லை. எங்கள் வீட்டில் அந்தப் பெண் நான். அந்தச் சொல் ‘வெற்றிடம்’. அந்த ஒரே சொல்லை வைத்துக்கொண்டு என் சொந்தத் தாய்மாமனை, அதுவும் அவருடைய நிச்சயதார்த்தத்துக்கு முந்தைய நாள், இரண்டு ஊர் அறியச் சாகடித்தேன். (பதற வேண்டாம். ஆள் இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறார். இதை எழுதுகிறேன் என்று தெரிந்தால் ஆபத்து எனக்குத்தான்.)

ஊரப்பாக்கத்தில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் பதினோராம் வகுப்புக்கு ‘மீடியா’ என்று ஒரு பாடம் வைத்தார்கள். அதில் கணக்கு வராது என்று கேள்விப்பட்டதும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். பாடம் எடுத்தவர் ஸ்டெல்லா மிஸ். சினிமா போஸ்டர்களைக் கரும்பலகையில் ஒட்டிவைத்து, ஒரு போஸ்டரை எப்படிப் படிப்பது என்று சொல்லிக்கொடுப்பார். முகம் எந்தப் பக்கம் இருக்கிறது, கண் எங்கே பார்க்கிறது, எந்த நிறம் முதலில் கண்ணில் படுகிறது, எதுவுமே இல்லாத இடம் எங்கே இருக்கிறது, ஏன் இருக்கிறது. அதுவரை போஸ்டர் என்றால் மாடு தின்பதற்காக ஒட்டப்படுவது என்று நினைத்திருந்த எனக்கு (எங்கள் தெரு மாடு பசையோடு சேர்த்து எத்தனையோ கதாநாயகர்களை விழுங்கியிருக்கிறது) உலகமே வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது.

மிஸ் அடிக்கடி சொல்லும் விதி ஒன்று உண்டு. ஓடுகிற பஸ்ஸிலிருந்து பார்த்தாலும் இது இன்ன மாதிரி போஸ்டர் என்று சட்டென்று தெரிய வேண்டும். பெயரைப் படிப்பதற்கு முன்பே தெரிய வேண்டும். இந்த விதியை நான் நோட்டில் சிவப்பு மையில் எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டேன். போட்டதோடு சரி.

அதற்குப் பிறகு நான் எதையும் விட்டுவைக்கவில்லை. இட்லி மாவுப் பாக்கெட்டை விமர்சித்தேன். காதணி விழா பேனரைப் பார்த்து, இத்தனை முகங்கள் இருந்தால் கண் எங்கே போய் நிற்கும் என்று நடுரோட்டில் நின்று வருத்தப்பட்டேன். ஒரு நாள் அம்மாவின் கோலத்தைப் பார்த்து, நடுவில் மூச்சுவிட இடமே இல்லை, கொஞ்சம் வெற்றிடம் விட்டிருக்கலாம் என்றேன். அம்மா நிமிராமலே சொன்னாள்: “மூச்சு வுடணும்னா அந்தாண்ட போய் வுடு. கோலத்த மெறிக்காத.”

இந்த நிலையில்தான் மிஸ் அந்தப் பயிற்சியைக் கொடுத்தார். இல்லாத ஒரு படத்துக்கு போஸ்டர் தயாரிக்க வேண்டும். ஆட்கள் நடமாடும் இடத்தில் அனுமதி கேட்டு ஒட்ட வேண்டும். தள்ளி நின்று, பார்க்கிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனித்து எழுத வேண்டும். எனக்கு ஜோடி ரெஜினா. கோவளத்திலிருந்து பஸ் மாறி மாறி வருகிறவள். நான் சொல்வதற்கெல்லாம் தலையாட்டும் நல்ல பெண். (அதுதான் அவள் செய்த ஒரே தப்பு.)

படத்தின் கதையை நானே யோசித்தேன். ஒரு பஸ் டிரைவர் வழக்கம்போல் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். ஆளும் வரவில்லை, வண்டியும் வரவில்லை. படத்தின் பெயர் ‘கடைசி டிரிப்’. கதாநாயகனுக்கு எங்கேயும் அலைய வேண்டிய அவசியமில்லை. எங்கள் வீட்டிலேயே ஒரு டிரைவர் இருந்தார்.

பாலு மாமா அம்மாவின் தம்பி. எங்களோடுதான் இருந்தார். பொத்தேரியில் ஒரு பெரிய கல்லூரிக்கு பஸ் ஓட்டினார். முப்பத்தைந்து வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. வந்த இடமெல்லாம் ஏதாவது ஒன்றில் தட்டிப்போனது. ஒரு இடத்தில் ஜாதகம், ஒரு இடத்தில் டிரைவர் வேலை, மற்ற இடங்களில் எல்லாம் பாதிக்குமேல் நரைத்துப்போன அந்தத் தலை. கடைசியாகக் கோவளத்தில் வசந்தி என்று ஒரு பெண் அமைந்தது. மருந்துக் கடையில் வேலை பார்த்தவர். தரகர் கொடுத்த போட்டோவைப் பார்த்துச் சரி சொல்லியிருந்தார். பெரியவர்கள் பேசி முடித்து, வரும் ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம் என்று நாள் குறித்தார்கள். அந்த ஞாயிறு தாண்டும்வரை வீட்டில் யாரும் தும்மக்கூடக் கூடாது என்று அம்மா சட்டம் போட்டிருந்தாள். இதுவும் தட்டிப்போனால் மாமா இனி பெண் பார்க்கவே ஒத்துக்கொள்ள மாட்டார் என்று அவளுக்கு உள்ளூரப் பயம்.

அந்த போட்டோவைப் பற்றி ஒரு வார்த்தை. தரகருக்காக அம்மா ஸ்டுடியோவில் எடுக்க வைத்தது. மாமாவுக்குச் சிரிக்கச் சொன்னால் பல்வலி வந்த மாதிரி ஆகிவிடும். அதனால் சிரிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். ஸ்டுடியோ கூரையில் கிறீச்சிட்டுக்கொண்டிருந்த மின்விசிறி எந்த நிமிஷம் விழும் என்று அவர் மேலே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் எடுத்துவிட்டார்கள். நரையையெல்லாம் கம்ப்யூட்டரில் கறுப்பாக்கினார்கள். ஒரு பிரதி கோவளத்துக்குப் போனது. இன்னொன்று பீரோவில் இருந்தது. எங்கோ தொலைதூரத்தைப் பார்க்கும் அந்தக் கண்ணைக் கண்டதும் இதுதான் என் போஸ்டர் என்று முடிவு செய்துவிட்டேன்.

மாமாவிடம் முறையாக அனுமதி கேட்டேன். அவருக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. சண்டைக் காட்சி இருக்கிறதா என்று விசாரித்தார். இல்லை, பாதியிலேயே காணாமல் போய்விடுவீர்கள் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“கலர்ல தான போடுவ?”

கறுப்பு வெள்ளையில்தான் ஆழம் இருக்கிறது என்று அவருக்கு நீண்ட நேரம் விளக்கினேன். அவர் கொட்டாவி விட்டதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

போஸ்டர் தயாரானது. நடுவில் மாமாவின் முகம், கறுப்பு வெள்ளையில். சுற்றிலும் வெற்றிடம், தாராளமாக. கீழே ‘ஸ்டியரிங்’ பாலு. அதற்குக் கீழே கடைசி டிரிப். அதற்கும் கீழே என் பெருமைக்குரிய வரி: கிளம்பினார், திரும்பவில்லை. அடியில் வரும் ஞாயிறு முதல் என்று போட்டு, எங்கள் பெயர்களையும், ‘மற்றும் நண்பர்கள்’ என்றும் சேர்த்தேன். வகுப்பில் மற்றவர்கள் வெடிகுண்டும் ஹெலிகாப்டருமாக நிரப்பிவைத்திருந்தார்கள். அவர்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டேன்.

பெரிய அளவில் அச்சடிக்கக் கூடுவாஞ்சேரியில் ஒரு சின்ன அச்சகத்துக்குப் போனேன். சொன்ன நேரத்துக்குக் கொடுப்பதில் அவர்களுக்குப் பெயர். ஏன் அவ்வளவு வேகம் என்று நான் யோசிக்கவில்லை. அச்சகக்காரர் திரையில் என் போஸ்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். இவர் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். தாய்மாமன் என்றேன். உடனே எனக்கு டீ சொன்னார். நான் கேட்காமலே சுற்றிலும் தடித்த கறுப்புக் கட்டம் போட்டு, இரண்டு பக்கமும் ஒவ்வொரு குத்துவிளக்கு வைத்தார். இடமும் வலமும் என்ன சமநிலை என்று வியந்தேன். நான் கேட்டதைவிட அதிகமாகவே அச்சடித்துக் கொடுத்து, கிளம்பும்போது தோளைத் தொட்டார்.

“தைரியமா இரு பாப்பா. அம்மாவ பாத்துக்கோ.”

ஒரு கலைஞரின் தனிமையைப் புரிந்துகொண்ட முதல் மனிதர் என்று நெகிழ்ந்துபோனேன். அம்மாவை எதற்குப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது மட்டும் ஷேர் ஆட்டோவில் கொஞ்ச நேரம் உறுத்தியது. கலை பற்றி அம்மாவின் கருத்து அவர் காதுவரை எட்டியிருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

இதைப் படிக்கிற உங்களுக்கு எப்போதோ விளங்கியிருக்கும். எங்கள் பக்கத்தில் எந்தச் சுவரிலும், எந்த மின்கம்பத்திலும் கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு முகம் மேலே பார்த்துக்கொண்டிருந்தால், பஸ்ஸில் போகிற குழந்தைக்கும் அது கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று தெரியும். பெயரைப் படிப்பதற்கு முன்பே ‘அடப்பாவமே’ என்று வாய் சொல்லிவிடும். உலகத்துப் போஸ்டர்களையெல்லாம் அலசிய எனக்கு அந்த ஒரு வகை மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊரப்பாக்கம் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் டீக்கடைச் சுவரில் ஒட்டினேன். கடைக்காரரிடம் அனுமதி கேட்டதற்கு, இதற்கெல்லாம் யாராவது கேட்பார்களாம்மா என்று அவரே பசை வாளியைப் பிடித்துக்கொண்டார். இன்னும் சிலவற்றை ரெஜினா கோவளத்துக்கு எடுத்துப்போனாள்.

சனிக்கிழமை காலை அம்மாவும் மாமாவும் நிச்சயதார்த்தச் சாமான் வாங்கச் செங்கல்பட்டு போய்விட்டார்கள். மாமாவின் போன் ரிப்பேர் கடையில். அம்மாவின் போன் வழக்கம்போல் வீட்டில் அரிசி டப்பா மேல் சார்ஜில். அப்பாவுக்கு அப்போது வெளியூரில் வேலை. நான் நோட்டும் பேனாவுமாக டீக்கடைக்கு எதிரே நின்றேன்.

நான் கண்ட காட்சிகளை இன்னும் மறக்க முடியவில்லை. முதலில் வந்தவர் போஸ்டர் முன்னால் நின்று ஹெல்மெட்டைக் கழற்றினார். ‘பார்வையாளர் மரியாதை செலுத்துகிறார்’ என்று எழுதினேன். காய்கறிக் கூடையோடு வந்த ஒரு பெண்மணி உச்சுக்கொட்டி, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். ‘படத்தின் சோகம் சென்று சேர்கிறது’ என்று எழுதினேன். பிறகு ஒரு கல்லூரி பஸ் வந்தது. போஸ்டரைத் தாண்டிப்போய் கிறீச்சென்று நின்றது. டிரைவர் இறங்கி ஓடிவந்தார். சுவரில் கை வைத்துக்கொண்டு, நேற்றுகூட என்னோடு நாஸ்தா சாப்பிட்டானே என்று விசும்பினார். பின்னால் வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்தன. ‘கற்பனைப் பாத்திரத்தோடு பார்வையாளர் முழுமையாக ஒன்றிவிடுகிறார், போக்குவரத்து பாதிப்பு’ என்று எழுதி, இரண்டு முறை அடிக்கோடு போட்டேன்.

வீட்டுக்கு வந்தால் அம்மாவின் போன் அடித்துக்கொண்டிருந்தது. ரெஜினா.

“ஏய், இங்க ஒரு அக்கா நம்ம போஸ்டராண்டியே நின்னுகினு கீறாங்கடி. போவ மாட்றாங்க. அழுவுறாங்க.”

“நல்லா கவனிச்சு எழுதிக்கோ. அதான் முக்கியம்” என்றேன்.

மத்தியானத்துக்குமேல் மாமாவும் அம்மாவும் திரும்பினார்கள். யாருக்கும் எதுவும் தெரியாது. ஆட்டோ பின்தெரு வழியாக வந்ததால் போஸ்டரும் கண்ணில் படவில்லை. மறுநாள் விசேஷத்துக்காக மாமா பின்கட்டில் உட்கார்ந்து தலைக்கு டை அடித்துக்கொண்டிருந்தார். கோவளத்துக்காரர்கள் அந்தக் கம்ப்யூட்டர் தலையைத்தான் பார்த்திருந்தார்கள் என்பதால் இது ரகசிய வேலை. மீசைக்கும் சேர்த்து அப்பிக்கொண்டு, பழைய லுங்கியில், அசையாமல் காய்ந்துகொண்டிருந்தார்.

தெருமுனையில் ஒரு வேன் வந்து நின்றது. பெண்கள் குரலெடுத்து அழுவது கேட்டது. யாரோ தெருவில் தவறிவிட்டார்கள் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நினைத்தோம். மாமா இந்த மாதிரி காரியத்துக்கெல்லாம் முன்னால் நிற்பவர். டை அப்பியிருந்ததையும் மறந்து துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

வேனிலிருந்து இறங்கியவர்கள் எங்கள் வாசலுக்கே வந்தார்கள். முன்னால் பெண்ணின் அப்பா, கையில் பெரிய ரோஜா மாலை. பக்கத்தில் பெண்ணின் பெரியப்பா, அம்மா. பின்னால் முகம் வீங்க அழுதபடி வசந்தி. சம்பந்தி வீட்டார் எதற்கு இந்தத் தெருச் சாவுக்கு வந்திருக்கிறார்கள் என்று மாமாவுக்குக் குழப்பம். இருந்தாலும் மரியாதை விடாமல் கேட்டார்.

“வாங்க மாமா. யாரு மாமா, எப்ப?”

பெண்ணின் அப்பா அவரை மேலும் கீழும் பார்த்தார். மாலையைப் பார்த்தார். மறுபடியும் அவரைப் பார்த்தார்.

“நீதாம்பா” என்றார்.

அழுகைச் சத்தம் சட்டென்று நின்றது. மாமாவின் நெற்றியிலிருந்து ஒரு கறுப்புக் கோடு மூக்கு வழியாக இறங்கி மீசையில் போய்ச் சேர்ந்தது. பெரியப்பா சட்டைப் பையிலிருந்து மடித்த ஒரு காகிதத்தை எடுத்து விரித்தார். சுவரிலிருந்து கிழித்துக்கொண்டு வந்த என் போஸ்டர். அதைப் பார்த்த அந்த நொடியில்தான், மிஸ்ஸின் அந்தச் சிவப்பு மை விதி எனக்கு முழுசாகப் புரிந்தது. புரிந்ததும் நேராகப் போய்த் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன்.

அம்மா என்னைக் காதைப் பிடித்து இழுத்து வந்து நடுவாசலில் நிறுத்தினாள். நான் மீடியா, பயிற்சி, வெற்றிடம் என்று என்னென்னவோ சொன்னேன். மாமா அந்த போஸ்டரை வாங்கி நிதானமாகப் பார்த்தார்.

“கலர்ல போடுனு அப்பவே சொன்னேன். இந்தப் பேஜாரே வந்துருக்காது” என்றார்.

ஒருவேளை அங்கேயே சிரிப்போடு முடிந்திருக்கும். ஆனால் பெரியப்பா சிரிக்கவில்லை. நிச்சயத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளை வீட்டுக்குச் சாவு மாலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம், இதைவிட அபசகுனம் வேறு என்ன வேண்டும், இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லி வேனைத் திருப்பச் சொன்னார். பெண்ணின் அம்மாவும் தலையாட்டினார். எங்கள் அம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். மாமா துண்டால் முகத்தைத் துடைத்தார். டை இன்னும் பரவியது. ‘சரிங்க, பாத்துப் போய்ட்டு வாங்க’ என்று அவர் மெதுவாகச் சொன்னபோது, தட்டிப்போவது அவருக்கு எவ்வளவு பழகிவிட்டது என்று தெரிந்தது. அதுவரை எனக்குக் காதுதான் வலித்துக்கொண்டிருந்தது.

வசந்தி மட்டும் வேனில் ஏறவில்லை.

“பெரிப்பா, செத்துட்டாருனு சேதி வந்து ஆளு உசுரோட இருந்தா ஆயுசு கெட்டினு நீதான சொல்லுவ?”

பெரியப்பா வேன் கதவிலிருந்து கையை எடுத்தார். எங்கள் பக்கம் எல்லோரும் நம்புகிற விஷயம் அது. வசந்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டு மாமாவைப் பார்த்தார். அதுவரை அவர்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொண்டதில்லை.

“காலைலேர்ந்து இவருக்கோசரம் அழுதுகினு கீறேன். இவ்ளோ அழுதுட்டு, இனிமே இன்னொருத்தர போட்டோல பாத்து மொதல்லேர்ந்து ஆரம்பிக்க என்னால ஆவாது. என் பங்கு அழுகைய அழுதாச்சு. நிச்சயம் நாளைக்குதான்.”

பிறகு மாமாவின் தலையை உற்றுப் பார்த்துவிட்டு, பின்பக்கம் ஒரு இடத்தில் டை விட்டுப்போயிருக்கிறது, காய்வதற்குள் போடச் சொல்லுங்கள் என்று அம்மாவிடம் சொன்னார்.

முதலில் சிரித்தது பெண்ணின் அப்பாதான். சிரித்துக்கொண்டே கையிலிருந்த மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் நீட்டினார். மாலையைக் கண்டால் குனிவதுதானே பழக்கம், மாமாவும் குனிந்துவிட்டார். டை சொட்டச் சொட்ட, லுங்கியில், மாலையும் கழுத்துமாக அவர் நின்றதை யாரும் போட்டோ எடுக்கவில்லை என்பது எனக்கு இன்றுவரை வருத்தம்.

வந்தவர்களுக்கு அம்மா காபி போட்டாள். எனக்குக் கிடைத்தது ஒரு வாளித் தண்ணீரும் ஒரு தேங்காய் நாரும். ஊரப்பாக்கம் சுவரை நான் தேய்த்தேன், கோவளத்துச் சுவரை ரெஜினா தேய்த்தாள். திங்கட்கிழமை மாமா வேலைக்குப் போனபோது கேட்டில் இருந்த வாட்ச்மேன் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தாராம். ஸ்டெல்லா மிஸ் என் குறிப்புகளைப் படித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு (அது எந்த மாதிரிக் கண்ணீர் என்று சந்தேகமே இல்லை) முழு மதிப்பெண் போட்டார். ஓடுகிற பஸ்ஸை நிறுத்திய போஸ்டரை அவர் அதுவரை பார்த்ததில்லையாம்.

பெரியப்பா கிழித்துக்கொண்டு வந்த அந்த போஸ்டரை வசந்தி அத்தை தூக்கிப்போடவில்லை. பீரோவில் நிச்சயப் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறார். மாமா டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போய் நேரத்துக்கு வரவில்லை என்றால், வீட்டுக் கதவில் அது தொங்கும். கிளம்பினார், திரும்பவில்லை. தெருவுக்கே அது பழகிவிட்டது. நான் இப்போது விளம்பர டிசைன் வேலையில் இருக்கிறேன். வீட்டு விசேஷம் எதற்கும் பத்திரிகை டிசைன் செய்ய மட்டும் இன்றுவரை என்னைக் கூப்பிட்டதில்லை.

போன வருஷம் மாமாவுக்கு நெஞ்சுவலி வந்து செங்கல்பட்டில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான் ஓடிப்போனபோது அத்தை வெளியே பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அம்மா அழுதுகொண்டிருந்தாள், நானும் ஆரம்பித்துவிட்டேன். அத்தை மட்டும் அழவில்லை. என் பங்கு எப்பவோ முடிஞ்சிடுச்சு என்று சொல்லி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். விரல்கள் ஐஸாக இருந்தன.

சாயங்காலம் உள்ளே விட்டார்கள். மாமா கண்ணைத் திறந்து எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பார்வை என்மேல் வந்து நின்றது. கிட்டே வா என்று விரலை அசைத்தார். குனிந்து காதைக் கொடுத்தேன். குரல் வெளியே வரவே சிரமப்பட்டது.

“இந்த வாட்டியாவது கலர்ல போடு.”

நான் சிரித்துவிட்டேன். என்ன சொன்னார் என்று அத்தை கேட்டார். சொன்னேன். அத்தையும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர், மாமாவின் கையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு, முடிந்துவிட்டதாகச் சொன்ன அந்த அழுகையை மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.